கப்பலை விட்டு இறங்கு!

“வீ...ல்!”

அந்த அலறல் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கேமராமேன் கேட்டார். மேக்கப்காரர் கேட்டார். டைரக்டர் கேட்டார்.

ஒருவர்கூட அசையவில்லை.

ஏனென்றால், அலறச் சொன்னதே டைரக்டர்தான்!

‘நெடுவானம்’ சீரியலின் அன்றைய காட்சி அது. விண்கப்பலின் கேப்டன், வெளியே போகும் வழியிலுள்ள காற்றறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். கண்ணாடி வழியே கேமரா பார்க்கிறது. வெள்ளைப் புகை அவள் கழுத்து வரை ஏறுகிறது...

“காற்று... வெளியேறுகிறது...” என்றது ஸ்பீக்கரில் கப்பலின் கம்ப்யூட்டர்.

உயிரே இல்லாத குரல். மானிட்டருக்குப் பக்கத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தவர் மைக் அண்ணன். சீரியலின் பின்னணிக் குரல் கலைஞர். எல்லோருக்கும் நல்லவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது கேப்டன் இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

“அடடா... என்னம்மா நடிக்குது!” டைரக்டர் சொக்கிப்போனார். “யாரும் கட் சொல்லாதீங்க!”

உள்ளே அவள் நடிக்கவில்லை.

புகை ட்ரை ஐஸிலிருந்து வருவது. அளவுக்கு மீறினால் மூச்சை அடைக்கும். முன்பக்க இரும்புக் கதவு உள்ளிருந்து திறக்காது. அதனால் காற்றறையின் பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டு தடவை அலறிவிட்டுப் பின்பக்கமாக நழுவிவிட வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் செய்தாள்.

இப்போது அந்தக் கதவு மூடியிருந்தது!

தள்ளினாள். தோளால் இடித்தாள். உதைத்தாள். ம்ஹூம்!

நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது.

‘இவங்க கைதட்டறதுக்குள்ள நான் செத்துடுவேன்!’

கழுத்தில் மாட்டியிருந்த விண்வெளி ஹெல்மெட்டைக் கழற்றினாள். பலம் கொண்ட மட்டும் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள்.

சிலீர்!

கண்ணாடி உடைந்து புகையோடு அவளும் வெளியே சரிந்தாள்.

“ஸ்கிரிப்ட்ல கண்ணாடி உடையலியே...” என்று ஆரம்பித்த டைரக்டர், நீலம் பாரித்த அவள் உதட்டைப் பார்த்ததும் அலறினார். “ஐயோ... தண்ணி! டாக்டர்!”

முதலில் ஓடி வந்தவர் மைக் அண்ணன்தான். தண்ணீர் பாட்டிலை அவள் வாயில் வைத்தார்.

“மெதுவா தங்கச்சி... மெதுவா...”

அவள் இருமினாள். மூச்சை இழுத்தாள். கேட்ட முதல் கேள்வி...

“பின்கதவை எவன்டா சாத்தினது?”

பின்னால் போய்ப் பார்த்தவர்கள் பேயறைந்தாற்போல் திரும்பினார்கள். தாழ்ப்பாளுக்குள் ஓர் இரும்புக் கம்பி செருகப்பட்டிருந்தது!

*

எட்டு மாதங்களுக்கு முன்புவரை அவள் நாடக மேடையில் இருந்தாள். யாருக்கும் தெரியாத முகம்.

‘நெடுவானம்’ அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் கேப்டனாக இருந்த நடிகர் திடீரென்று விலகினார். சீரியல் அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் இடத்தில் ஒரு பெண்ணைப் போட்டபோது சிரிக்கவே செய்தார்கள்.

சிரித்தவர்கள் ஒரு மாதத்தில் வாயை மூடினார்கள்.

புது கேப்டன் எடுத்ததற்கெல்லாம் துப்பாக்கியைத் தூக்கவில்லை. யோசித்தாள். பயந்தாள். தப்பு செய்தாள். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தாள். கதாசிரியர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். அட்டைக் கிரகங்களுக்கு உயிர் வந்தது. சீரியல் ஜிவ்வென்று முதலிடத்துக்கு ஏறியது.

அது யாருக்கோ பிடிக்கவில்லை!

மேக்கப் அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு. டாக்டர் அப்போதுதான் கிளம்பியிருந்தார்.

போன் அடித்தது. தெரியாத எண்.

“ஹலோ?”

“இது... என் கப்பல்.”

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

இடி உருளுகிற மாதிரி ஒரு குரல்! ஏழு வருடம் வீட்டுக்கு வீடு முழங்கிய குரல்! பழைய கேப்டன்! அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் குரலைத் தெரியாதவர் உண்டா?

“இன்னிக்குக் கண்ணாடி உடைஞ்சது. அடுத்த தடவை உடையாது. மரியாதையா கப்பலை விட்டு இறங்கு!”

அவள் குரல் நடுங்கவில்லை.

“இறங்க முடியாது.”

“என்ன?”

“காது கேக்கலியா? நாளைக்கு அதே அறை. அதே சீன். அதே புகை. நான் உள்ள போவேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ!”

டொக்!

*

“மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க சீரியலைப் பாக்கறதையே நான் விட்டுட்டேன்.”

“ஏன் சார்?”

“பழையவர் இருந்த காலத்தைச் சொல்றேன். கிரகத்துக்கு ஒரு சண்டை. கிரகத்துக்கு ஒரு காதலி. எத்தனை நாள்தான் பாக்கறது? நீங்க வந்த பிறகு என் பொண்ணு இழுத்து உட்கார வெச்சா. போன வாரம் பாதிப் பேரைத்தான் காப்பாத்த முடியும்னு தெரிஞ்சதும் தனியா உட்கார்ந்திருந்தீங்களே, அந்த சீன்... யூனிஃபார்மோட அழுதேன்.”

“இப்ப என்னைக் காப்பாத்துங்க சார். அப்புறம் அழலாம்.”

அவளுடைய போன் எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவு செய்துகொள்ளும் ரகம். ஓட விட்டாள்.

‘இது... என் கப்பல்...’

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அவரேதான்! சந்தேகமே வேண்டாம். நம்பர் திருட்டு சிம். ஆனா குரலைத் திருட முடியுமா?”

“பொறாமையா?”

“வேற என்ன? அவர் போனா சீரியல் படுத்துடும்னு நெனச்சிருப்பார். அது எழுந்து ஓடுது! மேடம்... குரல் விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். யூனிட்ல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அவருக்கு உள்ளே ஆள் இருக்கலாம்.”

“சரி சார்.”

“அப்புறம்... நாளைக்கு ஷூட்டிங் வேண்டாமே?”

“அது மட்டும் நடக்காது சார்.”

வீட்டில் அக்கா அதையேதான் கேட்டாள். நர்ஸ். தங்கை மூச்சு விடுவதை முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கத்தினாள்.

“நுரையீரல் என்ன கடையில விக்குதாடி? போதும்! நாடகத்துக்கே திரும்பிப் போ!”

“அக்கா... இத்தனை வருஷமா நான் யாரா நடிச்சேன்? ராஜாவோட மனைவி. வில்லனோட தங்கச்சி. ஹீரோவோட அம்மா. முதல் தடவையா என்னை யாரோட யாராவும் இல்லாம, கேப்டன்னு மட்டும் கூப்பிடறாங்க. ஒரு இரும்புக் கம்பிக்குப் பயந்து அதை விட்டுடவா?”

அக்கா கட்டுப் போட்ட அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள்.

பிறகு, “நாளைக்கு நானும் வரேன். ஆக்ஸிஜன் சிலிண்டரோட!” என்றாள்.

*

மறுநாள் காலை. அதே தளம். புதுக் கண்ணாடி. பின்கதவு கழற்றியே வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அக்கா, சிலிண்டரை அணைத்தபடி!

“தங்கச்சி... நிஜமாவே உள்ள போகப் போறியா?” மைக் அண்ணன் கவலையோடு கேட்டார். “ஒரு வாரம் லீவு போடேன்.”

“போறேண்ணா. வேடிக்கை பாக்க இன்னொருத்தர் வரார். அவர் வந்ததும் ஆரம்பிக்கலாம்.”

“யாரு?”

பதில் வாசலில் வந்தது.

இன்ஸ்பெக்டர். இரண்டு போலீஸ்காரர்கள். நடுவில்... பழைய கேப்டன்!

ஆறடி உயரம். அகன்ற தோள். ஏழு வருடத்தில் ஒரு பேட்டிகூடக் கொடுக்காத மனிதர். திமிர் என்று பத்திரிகைகள் எழுதின. இப்போதும் உதட்டை இறுக்கியே வைத்திருந்தார்.

“வழி பூரா வாயே திறக்கலை மேடம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “வக்கீலைக் கூப்பிடணும்னு எழுதிக் காட்டறார்!”

அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“என்னைக் கொல்லப் பாத்தீங்க. போன்ல மிரட்டினீங்க. அதையே என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க! தைரியம் இருந்தா வாயைத் திறங்க!”

அவர் முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு... திறந்தார்.

“நான் போனே பண்ணலீங்க!”

தளம் உறைந்தது.

கீச்சுக் குரல்! பலூனிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு குரல்!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “இ... இது யார் பேசறது?”

“நான்தாங்க,” என்றது ஆறடி. “இதான் என் குரல். அந்த இடி முழக்கம் என்னுது இல்லை. நான் வாய் மட்டும்தான் அசைச்சேன்.”

அவள் டைரக்டர் பக்கம் திரும்பினாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“உண்மைதாம்மா. வெளியே தெரிஞ்சா ஹீரோவோட மானம் போயிடும்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினோம். நீ புதுசு. உன்கிட்ட சொல்ல அவசியம் வரலை. ஆமா... குரலைப் பத்தி என்ன இப்போ?”

“போன்ல மிரட்டினது அந்தக் குரல் சார்!”

டைரக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. அவர் கழுத்து மெல்லத் திரும்பியது. கேமராமேனின் கழுத்தும். மேக்கப்காரரின் கழுத்தும்.

எல்லாக் கண்களும் ஒரே இடத்தில் போய் நின்றன.

மைக் முன்னால்!

மைக் அண்ணன் எழுந்தார். அவர் முகத்தில் இப்போது கவலை இல்லை. கனிவும் இல்லை.

“ஆமா. நான்தான்!”

அந்த இடி! ஸ்பீக்கரில் மோதித் தளம் முழுக்க உருண்டது. ஒரு போலீஸ்காரர் பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்றுவிட்டார்!

“ஏன்ணா?” அவள் அவர் கையைப் பார்த்தாள். “நேத்து எனக்குத் தண்ணி குடுத்த கையாலயா, ஷாட்டுக்கு முன்னாடி கம்பி செருகினீங்க?”

“ஏழு வருஷம் கேப்டன் நான்! இவன் வெறும் பொம்மை. ஜனங்க கைதட்டினது என் குரலுக்கு! இவன் போனான். அடுத்து ஒருத்தன் வருவான், அவனுக்கும் நான்தான்னு நெனச்சேன். உன்னைக் கொண்டுவந்தாங்க. சொந்தமா பேசறவளை! எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? கம்ப்யூட்டர்! ‘கதவு மூடுகிறது... காற்று வெளியேறுகிறது...’ ச்சே!”

“அதுக்குக் கொலையா?”

“நீ வந்ததுக்காக இல்லை. நீ தோத்திருந்தா மன்னிச்சிருப்பேன். நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது பாரு... நான் இல்லாம நல்லா இருக்குன்னு! போலீஸ் இவனைப் பிடிக்கும், இவன் மானத்துக்குப் பயந்து வாயே திறக்க மாட்டான்னு நம்பினேன்...”

“ஏன் திறக்கணும்னு நானும் நெனச்சேன்,” கீச்சுக் குரல் குறுக்கே வந்தது. “ஆனா இந்தம்மா நடிக்கறதை வாரா வாரம் பாக்கறேன். பயத்தை மறைக்காம நிக்கறாங்க. நான் மட்டும் ஏன் மறைக்கணும்? அப்புறம்... என்னை யாரும் தூக்கலை. உன் குரலுக்கு வாயசைச்சு அலுத்துப்போய் நானே இறங்கினேன்!”

மைக் அண்ணன் உறுமினார். மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி, அவளை நோக்கிப் பாய்ந்தார்.

“இறங்குடி என் கப்பலை விட்டு!”

அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை.

“மாட்டேன்!”

ஸ்டாண்ட் உயர்ந்தது. அதே நொடி, ஒரு நீண்ட கால் குறுக்கே நீண்டது.

தொபுக்!

மைக் அண்ணன் குப்புற விழுந்தார். அவர் முதுகின் மேல் பழைய கேப்டன் உட்கார்ந்திருந்தார். டூப் இல்லாமல் அவர் போட்ட முதல் சண்டை அதுதான்!

போலீஸ்காரர்கள் விலங்கை மாட்டினார்கள்.

அக்கா ஓடி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அந்தத் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சார்... ஷாட் ரெடியா?”

“இன்னிக்கேவா?” டைரக்டர் பதறினார்.

“இன்னிக்கேதான். ஆனா கம்ப்யூட்டருக்கு ஆள் வேணுமே?”

அவள் பார்வை பழைய கேப்டன் மேல் நின்றது.

“என் குரல்லயா? எல்லாரும் சிரிப்பாங்களே!” அவர் கீச்சிட்டார்.

“சிரிக்கட்டும். என்னைப் பாத்துக்கூடத்தான் சிரிச்சாங்க!”

வாசலில் மைக் அண்ணன் கடைசியாகத் திமிறினார். இடிக்குரலில் முழங்கினார்.

“நான் இல்லாம இந்தக் கப்பல் பறக்காது! கேப்டன் நான்! என் குரல்தான் கேப்டன்!”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஜீப்பின் கதவைப் பணிவாகத் திறந்துவிட்டார்.

“ஏறுங்க கேப்டன். ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கணும்... இந்தத் தடவை வாயும் நீங்களே அசைக்கணும்!”