காலி எடை

பூனை தட்டைப் பார்க்கவில்லை. தட்டை வைத்த எடைக்காரரையும் பார்க்கவில்லை. அவருடைய வலது தோளுக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தை, காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு பார்த்தது. பிறகு வாய்கூட வைக்காமல் அலமாரிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"மேனேஜர் சாருக்கு இன்னிக்கும் மீன் பிடிக்கலையா?" என்று கேட்டார்.

அந்தப் பெயர் மனைவி வைத்தது. ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் வீட்டில் இருப்பவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பதால் மேனேஜர். அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. கடைசி வாரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது பட்டினி கெடக்கக் கூடாதுங்க." அதனால் தட்டு நிறைந்தபடியே திரும்பும் ஒவ்வொரு நாளும் அவள் சொன்னது அவர் மனசில் குத்தியது.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பூனையின் எடை குறையவில்லை.

எடைக்காரருக்கு வேலை நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையில். சரக்கோடு லாரி ஏறும், எடை வரும், அதில் லாரியின் காலி எடையைக் கழித்தால் சரக்கு. தினமும் வருகிற லாரியைக் காலியாக மறுபடி ஏற்றிப் பார்ப்பதில்லை. ஒரு முறை பார்த்த காலி எடையே வருடக்கணக்கில் ஓடும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டிலும் அதையேதான் செய்தார். மனைவி படுத்திருந்த காலத்தில் ஒரு முறை தன் எடையைப் பார்த்து, அறுபத்திரண்டு என்று சுவரில் பென்சிலால் எழுதியிருந்தார். இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பூனையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடித் தராசில் ஏறுவார். அறுபத்தாறு புள்ளி இரண்டு. கழித்தால் பூனை நாலு கிலோ இருநூறு. மூன்று வாரமாக அதே எண்தான்.

எண் அப்படிச் சொன்னது. கை வேறொன்று சொன்னது. தடவும்போது முதுகெலும்பு விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

அந்தத் தராசே அவளுக்காக வாங்கியதுதான். அவளால் நிற்க முடியவில்லை. உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவார். கழுத்தைச் சுற்றி அவள் கைகள், வலது தோளில் அவள் மோவாய், தைல வாசனை, இரண்டு பக்கமும் தொங்கும் கால்கள். இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடி போடாததால் கீழே எண் அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவுங்க?"

"அப்படியேதான் இருக்கு."

முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. முப்பத்தொன்று. நாற்பதைத் தொட்டால்தான் மறுபடி சிகிச்சை என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். "கூடிடும்மா, கொஞ்சம் கொஞ்சமா கூடிடும்" என்பார். அவள் நம்பினாள். அதுதான் அவரை இன்னமும் அறுத்தது.

நாலாவது வாரம் பூனை தண்ணீரையும் விட்டுவிட்டது. அரை நாள் விடுப்பு போட்டு, கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுத்தார், கடைசியில் மேஜைத் தராசில் வைத்தார். இரண்டு புள்ளி மூன்று.

"உங்க தராசு தப்பும்மா," என்றார் எடைக்காரர். "காலைலகூட நாலு இருநூறு."

"எப்படிப் பாத்தீங்க?"

சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மொத்தம் மாறலைன்னா பூனை எறங்க எறங்க நீங்க ஏறியிருக்கீங்கன்னு அர்த்தம். உங்க எடையை எப்பப் பாத்தீங்க?"

அவர் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். பெல்ட்டில் ஆணியால் புதிதாகப் போட்ட இரண்டு ஓட்டைகள்.

"பல் நல்லாருக்கு, கிட்னி நல்லாருக்கு. ஆனா பூனை ரெண்டு நாள் சாப்பிடலைன்னாலே ஈரல் பாதிக்கும். நீங்க ரொம்ப விட்டுட்டீங்க. இங்கயே இருக்கட்டும், ட்ரிப் போடறேன்." மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பூனை மெல்லத் தலையைத் தூக்கி எடைக்காரரின் வலது தோளைப் பார்த்துச் சீறியது. சீறக்கூட அதற்குத் தெம்பில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கூடத்தில் பாதிவரை விழுந்திருந்தது. குழாய் சொட்டும் சத்தம், மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம், இவற்றுக்கு நடுவே தைல வாசனை. பாட்டிலை என்றைக்கோ குப்பையில் போட்டாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகத் தராசில் ஏறினார்.

அறுபத்துமூன்று புள்ளி ஒன்பது.

இறங்கினார். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைப் பிரிக்காமல் அப்படியே வைத்துப் பார்த்தார். கேனோடு சேர்த்து ஐந்துக்குச் சற்று மேல். தராசில் பிழையில்லை. மறுபடி ஏறினார். அறுபத்துமூன்று புள்ளி ஒன்பது. பூனை இழந்தது, ஒரு கிராம் பிசகாமல், இங்கே இருந்தது. அவர் இழந்ததும் இங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

சட்டைக் காலர் தொண்டையை அழுத்தியது. யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தொங்குகிற அழுத்தம். காதோரம் கொஞ்சம் சூடு.

"நீயா?" என்றார்.

பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். "சொன்னா நம்ப மாட்டீங்க, கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு என் டிபன் பாக்ஸையும் மோந்து பாக்குது. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

எடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேண்டாம்மா. யாராவது நல்லவங்ககிட்ட குடுத்துடுங்க," என்றார்.

"ஏன் சார், அவ்வளவு பிரியமா வச்சிருந்தீங்களே?"

"இந்த வீட்டுல அது சாப்பிடாது."

அதன்பிறகு அவருக்கும் சோறு இறங்கவில்லை. கவளத்தை எடுப்பார், வாய் வரை கொண்டுபோவார், வைத்துவிடுவார். பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் கயிறு கட்டிக்கொண்டார். "அண்ணே, அடுத்த லாரி வேகமா வந்தா பறந்துடுவீங்க," என்று மேடையில் ஒரு டிரைவர் கேலி செய்தான். அவரும் சிரித்தார். காலையில் தராசில் ஏறினால் அறுபத்துமூன்று புள்ளி ஒன்பது. அடுத்த நாளும் அதே. கன்னம் ஒட்டியது, மோதிரம் கழன்று விழுந்தது, எண் அசையவில்லை.

வீட்டை விட்டு ஓடியிருக்கலாம். யோசித்தும் பார்த்தார். ஆனால் முதுகில் தொங்கும் கைகள் நாளுக்கு நாள் சதை பிடித்துக்கொண்டே வந்தன. எலும்பாக இருந்த மோவாய் தோளில் மெத்தென்று பதிந்தது. கூடட்டும் என்று நினைத்தார். எத்தனை முறை சொன்ன பொய். ஒரு தடவையாவது நிஜமாகட்டும். விட்டுப் போக மனசு கேட்கவில்லை அவருக்கு.

பிறகு ஒரு காலை.

எழுந்தது நினைவில்லை. கூடத்துக்கு நடந்து வந்ததும் நினைவில்லை. ஜன்னலில் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. முதல் முறையாக முதுகில் ஒன்றுமில்லை. காலர் இறுக்கவில்லை.

போய்விட்டாளா?

குழாய் சொட்டியது. தைல வாசனை. ஆனால் பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து. மூக்குக்கு நேராக, கழுவிய கூந்தலில் இருந்து.

தராசின் கண்ணாடி 'டிக்'கென்றது.

கீழே எண் வந்தது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினார். மங்கலாக ஏதோ. எண்ணுக்கு மேல், கண்ணாடியில் அழுந்தி நின்றன இரண்டு பாதங்கள். நல்ல கனத்த பாதங்கள். இடது காலில், சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவருடைய கால்கள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. தரையைத் தேடின. எட்டவில்லை.

கைகள் ஒரு சூடான கழுத்தைச் சுற்றியிருந்தன. மோவாய் ஒரு வலது தோளில் இருந்தது. இறங்க வேண்டும் என்று நினைத்தார். கைகளில் அதற்கு வலு இல்லை.

"எவ்வளவு?"

கேட்டது அவர் குரல்தான்.

அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் கால்களை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பிரியமாகச் சொன்னாள்.

"அப்படியேதாங்க இருக்கு."