வெளித் தாழ்ப்பாள்

இருட்டறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டை முடித்து, டப்பாவைக் கழுவி எடுத்துவந்த புகைப்படப் பிரிவின் தலைவி தாழ்வாரத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். விளக்கு எரிவதில் தப்பில்லை. உள்ளே ஃபிலிம் கழுவுகிறார்கள், யாரும் திறக்காதீர்கள் என்று சொல்வதற்காக வைத்த விளக்குதான் அது. ஆனால் அதில் பல்பே கிடையாது. காலையில்தான் மகள் ஸ்டூல் போட்டு ஏறி, துருப்பிடித்த வெற்று ஹோல்டரைக் காட்டி, ஸ்டோரில் கேட்டு ஒரு சிவப்பு பல்பு வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

விண்வெளி ஆய்வுக்கூடம் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது, ஒவ்வொரு பிரிவும் தன் வரலாற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. போட்டோ பிடிக்கிறவர்களுக்கு என்ன வரலாறு என்று மற்றவர்கள் சிரித்தார்கள். ராக்கெட் ஒழுங்காகப் போனால் விஞ்ஞானியின் மூளை, படம் ஒழுங்காக வராவிட்டால் போட்டோக்காரனின் கண் நொள்ளை. அந்த வளாகத்தின் நியாயம் அப்படி. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கைக் கேமராவில் முதல் ராக்கெட்டைப் பிடித்தது, பிறகு பீரங்கி மாதிரிச் சுழலும் கேமராவால் வானத்தைத் துரத்தியது என்று எல்லாவற்றையும் தேடி எடுக்கும் வேலை மகளுக்கு ஒப்பந்தத்தில் கிடைத்தது. பழைய ஆட்கள் பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டே இருப்பாள். அம்மாவிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. ராக்கெட் உடைந்ததைக் காட்டிய அந்த விரிசல் படம் எடுத்த நாளைப் பற்றிக் கேட்டால் போதும், அம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பூட்டிக் கிடந்த இருட்டறையைத் திறந்து, பழைய முறையில் ஒரு சுருளைக் கழுவிக் காட்டலாம் என்பதும் மகளின் யோசனைதான். அம்மா வேண்டாமென்று தலைகீழாக நின்று பார்த்தாள். "இருட்டுலயே சம்பளம் வாங்கினவ நீ, உனக்கு இருட்டுன்னா பயமா?" என்று மகள் சிரித்தாள். இயக்குநரும் தலையாட்டிவிட்டார்.

இருட்டறைக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் உண்டு. வேறெங்கும் உள்ளே ஆளை வைத்துக்கொண்டு வெளியே தாழ் போடமாட்டார்கள். இங்கே அதுதான் வழக்கம். முன்பு ஒருமுறை, கையெழுத்து வாங்க வந்த அதிகாரி ஒருவர் சிவப்பு விளக்கை மதிக்காமல் கதவைத் திறந்து, ஒரு முழு ஏவுதலின் படத்தையும் வெளிச்சத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒருவர் உள்ளே ஃபிலிம் கழுவினால் இன்னொருவர் வெளியே தாழ் போட்டுக் காவல் நிற்பார். உள்ளே இருப்பவர் வாயால் சொன்னால்தான் திறப்பார். மகளுக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அந்தக் காலத்தில் உள்ளே போகிறவர் தொட்டி அண்ணன். மருந்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டதால் அந்தப் பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சுருளைக் கெடுத்துவிட்டபோது, என் கைதான் பட்டது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். அவள் வேலை தப்பியதே அவரால்தான். ஒருநாள் ராக்கெட் வானத்திலேயே உடைந்தது. முதல் விரிசல் எங்கே விட்டதென்று காட்ட ஒரே ஒரு ஃபிலிம்தான் இருந்தது. அண்ணன் அதை உள்ளே எடுத்துப்போனார், அவள் வெளியே தாழ் போட்டாள். மருந்தைக் கலக்கிவிடுவதற்காகத் தொட்டிகளின் அடியில் நைட்ரஜன் குழாய் போகும். அது கழன்றுகொண்டது; மூடிய அறையில் அந்த வாயு நிரம்பினால் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். உஸ்ஸென்ற சத்தம் வெளியே கேட்டது. பிறகு அவர் தட்டினார். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. பக்கத்தில் நின்ற தலைமைப் போட்டோகிராபர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் மனிதர், "கையை எடு. ஃபிலிம் தொட்டியில இருக்கு" என்றார்.

அவள் எடுத்துவிட்டாள். தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கதவின் அடியில் வந்து நின்றுபோனது.

விரிசல் படம் அருமையாக வந்திருந்தது. பெரியவருக்குப் பதக்கம், பிரிவுக்குப் புதுக் கேமராக்கள். தொட்டி அண்ணன் குடித்துவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு செத்துப்போனார் என்று விசாரணையில் பெரியவர் சொன்னார், அவளும் ஆமாம் என்றாள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தாள், வேறென்ன சொல்வது. அண்ணனின் மனைவி வாசலில் வழிமறித்து, அவர் குடிக்க மாட்டாரென்று உனக்குத் தெரியாதா என்று கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

போன மாதம் பெரியவர் தன் வீட்டுக் குளியலறையில் செத்துப்போனார். துக்கம் கேட்கப் போனவளை அவருடைய மகன் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான். உள்ளே தட்டும் சத்தம் கேட்டு ஓடினானாம். திறக்காதே, வேலை இன்னும் முடியவில்லை என்று அப்பாவின் குரல் தெளிவாக வந்ததாம். திரும்பி வந்துவிட்டானாம். "அவர் குரல் எனக்குத் தெரியாதா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. அடுத்து யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன்னிடம் வந்தால் வரட்டும், பிள்ளையிடம் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய வேண்டுதல்.

இப்போது தாழ்வாரத்தில் புளித்த காடி வாடை அடித்தது. ஃபிலிம் மருந்தின் வாடை. மருந்து இன்னும் கலக்கவே இல்லை. மின்விசிறிகளின் சத்தமும் தூரத்து அறையில் யாரோ போனில் பேசும் சத்தமும் மெல்ல மெல்ல அடங்கி, அந்தக் கதவு மட்டும் அவள் முன்னால் தனியாக நிற்பது போலிருந்தது. அருகில் போனாள். வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. யார் போட்டது?

உள்ளிருந்து தட்டினார்கள்.

"பாப்பா?"

"திறக்காதம்மா." மகளின் குரல். அதே இழுவை, அதே செல்லம். "ஃபிலிம் தொட்டியில இருக்கு."

மறுபடியும் தட்டல். கொஞ்சம் கீழே. பேசுவது வேறு ஏதோ ஒன்று, தட்டுவது பிள்ளை. அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலை நம்பியவன் அப்பனைப் பறிகொடுத்தான், நான் நம்ப மாட்டேன். டப்பாவை எறிந்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தாழ்வாரத்து வெளிச்சம் அவளோடு கொஞ்ச தூரம் வந்தது. அடுக்கிய நாற்காலிகள். காய்ந்த தொட்டிகள். அவற்றின் விளிம்பில் வெள்ளையாக உப்பு. மகளைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தொட்டிகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். அங்கேயும் யாருமில்லை.

பின்னால் கதவு மூடியது. அறைந்து சாத்தவில்லை. வெளிச்சம் படாமல் மூடிப் பழகிய ஒரு கை மெதுவாக, பக்குவமாக மூடியது.

இருட்டு. உஸ்ஸென்று ஒரு சத்தம்.

அப்போது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மகளின் செருப்பு. மகள் வெளியே இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திற என்று கத்த வாயைத் திறந்தாள்.

குரல் அவள் வாயிலிருந்து வரவில்லை. தொட்டிகளின் பக்கமிருந்து வந்தது.

"வந்துட்டியா கண்ணு?"

"நீயே ஆரம்பிச்சிட்டியா?" மகள் கதவுக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். "நான் பல்பு வாங்கப் போனா நீயே மாட்டியும் வெச்சிட்டே."

"வெளித் தாழ்ப்பாளைப் போடு. நான் சொல்ற வரைக்கும் திறக்காதே."

"சரிம்மா."

தாழ் விழுந்தது.

அவள் கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். மகள் என்னவென்று கேட்டாள். ரீலைத் தட்டிச் சரிபண்றேன் கண்ணு என்றது அவளுடைய குரல். பிறகு, சும்மாதானே நிற்கிறாய், போனில் பதிவு பண்ணு, விரிசல் படம் எடுத்த நாளைச் சொல்கிறேன் என்றது. மகள் சந்தோஷமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

குரல் எல்லாவற்றையும் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணனை, குழாயை, தாழ்ப்பாளில் வைத்து எடுத்த கையை, விசாரணையில் சொன்ன பொய்யை. காற்று இருந்தது. இழுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. முழங்கால் மடங்கியது. உட்கார்ந்தபடியே தட்டினாள். பிறகு படுத்தபடி.

"அப்புறம்?" மகளின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அப்புறம் தட்டுறது நின்னுடுச்சு."

அவள் கை தரையில் விழுந்தது.

வெளியே ஸ்டூல் உருண்டது.

"அம்மா... இவ்வளவு நேரம் உள்ள தட்டினது யாரு?"

தொட்டிகளின் பக்கமிருந்து அவளுடைய குரல், ஒரு தாய்க்கு எவ்வளவு ஆசை இருக்க முடியுமோ அவ்வளவு ஆசையோடு பதில் சொன்னது.

"இப்ப திற கண்ணு. படம் நல்லா வந்திருக்கு."