ஒரு கொய்யாக்காயும் தம்பியின் உதடும்

சலேத்மேரி ஒரு கொய்யாக்காயைத் திருடினாள். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது.

அவளுக்குப் பத்து வயது. காளவாசல் சிக்னலைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் நான்காவது வீடு. முழுப்பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டிலும் தெருவிலும் அவள் வெறும் சலேத்தான்.

திருட்டு நடந்த சமயத்தில் அம்மா ஸ்டெல்லாவுக்கு மசக்கை. சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது.

“செங்காயா ஒரு கொய்யாக்கா இருந்தா, உப்பும் மொளகாப்பொடியும் தொட்டுத் தின்னுருவேன்” என்று சொல்லிவிட்டு அம்மா சுருண்டு படுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் அத்தை வாசலில் கொய்யா மரம் நின்றது. கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் அன்றைக்கு அத்தை ஒரு விசேஷத்துக்காக உசிலம்பட்டி போயிருந்தார். சலேத் அக்கம்பக்கம் பார்த்தாள், சுவர் ஏறினாள், பறித்துவிட்டாள். “அத்தை குடுத்தாங்கம்மா” என்று ஒரு பொய்யும் சொன்னாள். பாதியை அம்மா தின்றாள். மீதியை இவள் தின்றாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

பிறகு தம்பி பிறந்தான்.

நல்ல நிறம், தலை நிறைய முடி. ஆனால் மேலுதடு நடுவில் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

“பயப்படாதீங்க. தையல் போட்டுச் சரிபண்ணிரலாம்” என்றார் டாக்டர் அம்மா. “மூணு மாசம் ஆகணும், எடையும் அஞ்சு கிலோ வரணும். வாரம் ஒருதடவை தூக்கிட்டு வாங்க, எடை பாப்போம்.”

ஒரே ஒருதடவைதான் போனார்கள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை எல்லோரும் தம்பியின் முகத்தையே பார்த்தார்கள். சிலர் ‘உச்’ கொட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சின்ன வெள்ளைத் துண்டை எடுத்து அவன் முகத்தின்மேல் போட்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் துண்டு மேலேறிவிடும். ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறோம் என்று கேட்டால் “நாளைக்கு” என்பாள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

தம்பியால் பாலைச் சப்பிக் குடிக்க முடியாது. சங்கு மாதிரியான பாலாடையில்தான் ஊட்ட வேண்டும். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, நாக்கின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் மூக்கு வழியாகப் பால் வந்துவிடும். அந்த வீட்டில் அதைப் பதமாகச் செய்யத் தெரிந்த ஆள் சலேத்தான். அவன் ஒவ்வொரு சொட்டையும் விழுங்கிவிட்டு அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காக அவள் எத்தனை மணிநேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு. பிலோமி டீச்சர் ஆதாம் ஏவாள் கதையைச் சொன்னார்.

“தின்னக் கூடாதுன்னு கடவுள் சொன்ன கனியை ஏவாள் பறிச்சா. தானும் தின்னு, ஆதாமுக்கும் குடுத்தா. அன்னைக்கு வந்ததுதான் ஜென்மப் பாவம். அதுக்கப்புறம் பொறந்த எல்லாப் பிள்ளைங்களுக்கும் அது வந்துருச்சு.”

சலேத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒருத்தி பறித்தாள். இரண்டு பேர் தின்றார்கள். பிறகு ஒரு பிள்ளை பிறந்தது. இது எங்கேயோ நடந்த கதையாக அவளுக்குத் தெரியவில்லை. இது சுந்தரம்மாள் அத்தை வீட்டு வாசலில் நடந்த கதை!

அழகுபாண்டி என்ற பையன் எழுந்து, “பாப்பா என்ன தப்பு செஞ்சுச்சு டீச்சர்?” என்று கேட்டான். டீச்சர் நன்றாகத்தான் பதில் சொன்னார். சலேத் காதில் அது ஏறவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம்தான் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் காதில் விழுந்தது.

“ஞானஸ்நானத்துல அந்தக் கறை போயிரும்.”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தம்பிக்கு ஞானஸ்நானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஏழு நாள்தான். தண்ணீர் பட்டதும் உதடு ஒட்டிவிடும். அவள் அந்த ஏழு நாளும் யாரிடமும் வம்புக்குப் போகவில்லை. கேட்காமலே பாத்திரம் விளக்கினாள். “இந்தப் புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று அப்பா இன்னாசி அவள் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. அன்று கோயிலில் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். முதல் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. இரண்டாவது கொட்டாவி விட்டபடி வந்தது. மூன்றாவது தம்பி. பிலோமி டீச்சர்தான் அவனுக்கு ஞானத்தாய். ஃபாதர் மூன்று குழந்தைகளுக்கும் அதே ஜெபங்களைச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

“செபாஸ்டின்” என்று பெயர் சொல்லி ஃபாதர் தண்ணீர் ஊற்றியபோது சலேத் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வீறிட்டு அழுதான். துண்டு விலகியது. அவள் எட்டிப் பார்த்தாள்.

உதடு அப்படியே இருந்தது.

ஒருவேளை கொஞ்ச நேரம் ஆகுமோ என்று காத்திருந்தாள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். வெள்ளை உடுப்புப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து படமும் எடுத்தாயிற்று. உதடு அப்படியேதான் இருந்தது. சலேத் தேம்பித் தேம்பி அழுதாள். “தம்பின்னா இம்புட்டுப் பாசமா!” என்று யாரோ அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் மதியச் சாப்பாடு. பிலோமி டீச்சரும் வந்திருந்தார். சலேத் தட்டைத் தொடவில்லை. தண்ணீர் போதவில்லையோ? தலையில் ஊற்றியதற்குப் பதில் உதட்டில் ஊற்றியிருக்க வேண்டுமோ?

மெல்ல எழுந்து உள்ளறைக்குப் போனாள். மாதா படத்துக்குக் கீழே ஒரு குப்பியில் தீர்த்தம் இருந்தது. அதைத் திறந்து விரலில் தொட்டுத் தம்பியின் உதட்டில் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினாள். பிறகு குப்பியைச் சாய்த்தே விட்டாள்.

தம்பிக்குப் புரை ஏறியது. மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. முகம் சிவந்துபோனது. எத்தனையோ நாள் ஒரு சொட்டுகூடத் தவறாமல் ஊட்டிய கை அது. சலேத் பதறிப்போய் அவனை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டினாள்.

அம்மா ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என்னடி பண்ணுன? பிள்ளையைக் கொல்லப் பாத்தியா?”

“நான்தாம்மா!” என்று சலேத் கதறினாள். “நான்தாம்மா அவன் உதட்டக் கிழிச்சேன்!”

அப்பாவும் டீச்சரும் கதவருகில் வந்து நின்றார்கள். சலேத் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் ஏறியது, பறித்தது, பொய் சொன்னது, பாதிப் பாதி தின்றது. “நான் பறிச்சேன். உனக்கும் குடுத்தேன். அதான் தம்பிக்கு ஜென்மப் பாவம் வந்துருச்சு. தண்ணி ஊத்தியும் போகலம்மா.”

தம்பியின் இருமல் அடங்கியது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ இல்ல சலேத்து” என்றாள். “நான்தான். இவன் வயித்துல இருக்கான்னு தெரிஞ்சன்னைக்கு, ‘இப்ப எதுக்கு ஆண்டவரே’ன்னு சொல்லி அழுதேன். அதான் இப்பிடிக் குடுத்துட்டாருன்னு தெனமும் நெனைக்கிறேன்.”

இத்தனை நாளும் துண்டுக்குள் அம்மா மறைத்தது தம்பியின் முகத்தை மட்டும் இல்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். ஆட்டோ சீட் தைப்பது அவர் தொழில். எந்நேரமும் கையில் பெரிய கத்தரிக்கோல் இருக்கும். இப்போது கை வெறுமையாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. அது என் வேலை. கிரகணத்தன்னைக்கு எதையும் வெட்டக் கூடாதுன்னு சந்துல அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. அவசர வேலைன்னு நான்தான் ரெக்சின உக்காந்து வெட்டுனேன். பிள்ளை மொகத்தப் பாத்ததும் எனக்கு அந்தக் கத்தரிக்கோல்தான் ஞாபகம் வந்துச்சு.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலேத் மூக்கை உறிஞ்சினாள். அழுகை நின்று, யோசனை வந்துவிட்டது.

“ஏம்மா, ஒரு உதடு. அதை மூணு பேரா கிழிச்சோம்?”

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

“இன்னைக்கு இன்னும் ரெண்டு பாப்பா வந்துச்சுல்ல? அதுகளுக்கும் ஃபாதர் அதே ஜெபந்தான் சொன்னாரு. அதுகளுக்கும் ஜென்மப் பாவம் இருந்துச்சா?”

“எல்லாருக்கும் உண்டு” என்றார் டீச்சர்.

“எனக்கும் இருந்துச்சா?”

“உனக்கும், எனக்கும், உங்கப்பாவுக்கும்.”

“அந்தக் குண்டுப் பாப்பா உதடு நல்லாத்தான இருந்துச்சு? என் உதடும் நல்லாத்தான இருக்கு?” சலேத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அப்ப ஜென்மப் பாவம் எல்லாருக்கும் இருக்கு. உதடு இவனுக்கு மட்டுந்தான் இப்பிடி. அது வேற, இது வேற!”

பிலோமி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இதத்தானடி அன்னைக்கு வகுப்புல சொன்னேன்! பாப்பா ஒரு தப்பும் செய்யல. ஆதிப் பெற்றோர் கடவுளோட அருளத் தொலைச்சுட்டாங்க. அந்த அருள் இல்லாம நாம பொறக்கிறோம். அதுக்குத்தான் ஜென்மப் பாவம்னு பேரு. அது நாம செஞ்சதும் இல்ல, அதுக்காகக் கடவுள் யாரு உதட்டையும் கிழிக்கிறதும் இல்ல. தொலைச்ச அருளு இன்னைக்கு இவனுக்குக் கெடச்சிருச்சு. உதட்டத் தைக்கிறது டாக்டர் வேலை. இம்புட்டும் சொன்னேனே, நீ அப்ப எங்க இருந்த?”

“கொய்யா மரத்துல இருந்தேன் டீச்சர்” என்றாள் சலேத்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் நெற்றியில் முத்தமிட்டாள். அந்தப் பிளந்த உதட்டிலும் முத்தமிட்டாள். அவள் அங்கே முத்தமிட்டு சலேத் பார்த்ததே இல்லை.

“அப்ப நான் கொய்யாக்கா திருடுனது?” என்று சலேத் மெதுவாகக் கேட்டாள்.

“அது உன் திருட்டு. அதத் தூக்கி இவன் தலையில கட்டாத” என்றாள் அம்மா. “போயி அத்தைகிட்டச் சொல்லிட்டு வா.”

சந்தின் அந்தப் பக்கம் போகப் பத்து அடிதான். சலேத்துக்கு அது பத்து மைல் மாதிரி இருந்தது. சுந்தரம்மாள் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“அந்தக் கெளைய ஒடிச்சதும் நீதானா? நான் இம்புட்டு நாளும் குரங்கையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!” என்று கத்தினார். “ஒரு வாரம் மரத்துக்கு நீதான் தண்ணி ஊத்தணும்.”

“சரிங்கத்த” என்றாள் சலேத். திட்டு வாங்கியும் மனசு லேசானது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி இதில் எங்குமே இல்லை. திருடியவள் அவள், தண்ணீர் ஊற்றப் போகிறவளும் அவள்.

மறுநாள் காலையில் அம்மா தம்பியைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டாள். “சலேத்து, இன்னைக்கு ஒருநாள் லீவு போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றாள். வெள்ளைத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடையோடு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அடி ஆத்தீ! யாரு செஞ்ச பாவமோ, இந்தப் பச்சப்பிள்ள சொமக்குது.”

அம்மாவின் கை தானாகச் சேலை முந்தானையைத் தேடியது. சலேத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரும் செய்யலம்மா” என்று பூக்காரம்மாவிடம் பணிவாகச் சொன்னாள். “எங்க வீட்டுல மூணு பேரையும் நல்லா விசாரிச்சிட்டோம்.”

பூக்காரம்மா திகைத்துப்போனார். சலேத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “பிள்ள பேரு என்னத்தா?” என்று கேட்டார். இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது.

“செபாஸ்டின்” என்றாள் அம்மா. பிறகு அவன் முகம் நன்றாகத் தெரியும்படி, அவளே அவனைப் பூக்காரம்மா பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.