சாம்பல் நிறப் பாலம்

பாலம் காய்ந்து கறுப்பாகக் கிடந்தது. ஆனால் வண்டித் திரையில் அது சாம்பல் நிறம். சாம்பல் என்றால் தரை எவ்வளவு வழுக்கும் என்ற அளவு இல்லை. அளவு இல்லையென்றால் எஞ்சின் பூட்டிக்கொள்ளும். அந்தச் சட்டத்தை எழுதியவளே தர்மினிதான்.

அவள் கணவர் யோகநாதன் நெஞ்சைப் பிடித்தபடி சக்கர நாற்காலியில் சுருண்டிருந்தார். வடகடலில் இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்புத் தீவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இந்த ஒரு பாலம்தான். அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு சுழல்வது கண்ணுக்கே தெரிந்தது.

“வெளிக்கிட்டு வாங்கோவன் தம்பி! தார் காய்ஞ்சு கிடக்கு!” என்று போனில் கத்தினாள்.

“எனக்கும் தெரியுது அக்கா. பூட்டு விடுகுதில்லையே. ஏதாவது ஒரு சக்கரம் முன்னால உருண்டாத்தான் விடும்,” என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

ஒவ்வொரு வண்டிச் சக்கரத்திலும் தரையுணரி என்றொரு வில்லை ஒட்டியிருக்கும். சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது, கீழே ஈரமா பனிக்கட்டியா என்று உணர்ந்து பின்னால் வருபவர்களுக்கெல்லாம் சொல்லிவிடும். ஆனால் யாராவது முதலில் போகவேண்டுமே. ஒரு காலத்தில் அதற்கு வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். ஊர்ப் பையன் அன்ரனின் முறை வந்த அன்று, பனிக்கட்டியில் வழுக்கிக் காரோடு கடலுக்குள் போனான். இனி ஆளில்லாத பனிவாரி எந்திரம்தான் முதலில் போகும் என்று ஊர்ச் சபையில் தர்மினி சட்டம் கொண்டுவந்தாள். ஆம்புலன்சுக்கு விலக்குக் கேட்டபோது, “ஓட்டுநரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே” என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஊரே கை தட்டியது.

இன்று பனிவாரி பழுதாகிக் கிடந்தது.

பாலத்தின் முகப்பில் மீன் தொழிற்சாலைக்குப் போகும் கார்கள் வரிசையாக நின்றன. தர்மினி பக்கத்து வீட்டுப் புஷ்பராணியின் கண்ணாடியைத் தட்டினாள்.

“சாம்பலெல்லோ காட்டுது அக்கா?” என்றாள் புஷ்பராணி. திரையிலிருந்து தலை நிமிரவில்லை. கண்ணெதிரே கிடந்த தாரை அவள் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் தர்மினிக்கு உறைத்தது. சட்டம் எஞ்சினைத்தான் பூட்டும். தரையுணரிக்கோ எந்தச் சக்கரமும் ஒன்றுதான். இவ்வளவு நேரம் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டியபடி, தன் காரிலிருந்து வில்லையைப் பிடுங்கி நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டினாள்.

“குளிருதப்பா,” என்றார் யோகநாதன்.

“கொஞ்சம் பொறுங்கோ. கிட்டத்தான்.”

மூச்சிரைக்கத் தள்ளினாள். கடற்காற்று முகத்தில் அறைந்தது. பாதிப் பாலம் தாண்டியதும் அளவு போதுமென்று பூட்டு விட, எதிரே ஆம்புலன்ஸ் அசைந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இஞ்சாருங்கோ, வந்திட்டாங்கள்!”

நெஞ்சைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்திருந்தது.

ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து நாடி பார்த்தான். கழுத்திலும் விரல் வைத்துப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

பின்னால் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புஷ்பராணி வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

“நல்ல காலம் அக்கா, அண்ணை முன்னுக்குப் போனதால வழி விட்டிட்டுது!”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தர்மினியின் பையில் போன் அதிர்ந்தது. தினமும் காலையில் ஊருக்கெல்லாம் போகிற, அவளே எழுதிவைத்த அறிவிப்பு.

‘முதல் சக்கரம் கடந்தது. பாலம் பச்சை. உயிர்ச்சேதம் இல்லை.’