பத்து என்று எழுதியிருந்த கடிதம்

பதினொரு மணிக்கு வந்த டைப்பிஸ்ட் அம்மா, காட்டிய நாற்காலியில் பாதியில்தான் உட்கார்ந்தார். மீதிப் பாதி, எழுந்து ஓடுவதற்கென்று ஒதுக்கியது போல் காலியாக இருந்தது.

"சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் மேடம். என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. எடுத்தாக்கூடப் பரவாயில்லை, துரோகின்னு எழுதி எடுக்கப் போறாங்க. அப்புறம் எந்த ஆபீஸ்ல என்னைச் சேர்ப்பாங்க?"

அண்ணி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த கடைகளையும் எரியாத கடைகளையும் பார்த்துப் பழகி, இப்போது தனியாகத் துப்பறிபவர். யாராவது பதறினால் அவர் இன்னும் மெதுவாகிவிடுவார். அவருடைய கொழுந்தன் அதற்கு நேர் எதிர். ஜெராக்ஸ் கடை வைத்திருந்து, போன வருஷம் அதற்குப் பூட்டுப் போட்டவன். கடை போனாலும் ஜெராக்ஸ் என்ற பட்டப்பெயர் போகவில்லை. அண்ணியிடம் துப்பறியும் வேலை பழகுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அவன், இப்போதே நோட்டைத் திறந்து "துரோகம்" என்று தலைப்புப் போட்டுவிட்டான்.

விஷயம் இதுதான். டைப்பிஸ்ட் அம்மா வேலை பார்ப்பது, உணவுச் சட்டங்களைப் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசியச் சங்கத்தில். அதை வழிநடத்துவது மூன்று பேர் கொண்ட குழு: தலைவரான வக்கீல், உணவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குழந்தைகள் டாக்டரம்மா. கைக்குழந்தைகளுக்கான பால் மாவில் ஈயம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அவர்கள் ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். வெளியிட இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே, ஒரு பால் மாவுக் கம்பெனி அறிக்கையில் வரப்போகும் அளவு இது என்று ஓர் எண்ணைப் போட்டு அரசுக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்பிவிட்டது; அதன் நகல் மூன்று நாளைக்கு முன் சங்கத்துக்கு வந்தது.

"அந்த எண்ணை நீங்கதான் டைப் அடிச்சீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லைங்க. எங்க சங்கத்துல எண்ணை மட்டும் டைப் அடிக்கவே விடமாட்டாங்க. அந்த இடத்தைக் காலியா விட்டுருவேன். கடைசி நாள் மூணு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசி, பென்சில்ல நிரப்புவாங்க. அப்புறம் அது பீரோவுக்குப் போயிடும். பீரோ சாவி என்கிட்ட."

"அப்ப நீங்க பார்த்திருக்கலாம்."

"பார்த்திருக்கலாம். பார்க்கலை. அதுக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுறது? எங்க வீட்டுக்காரரே நேத்து, 'நெஜமாவே நீ இல்லையே?'ன்னு கேட்டுட்டாரு மேடம்."

அதைச் சொன்னபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஜெராக்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான். அவனுக்கு அந்த வீட்டுக்காரர் மேல் கோபம் கோபமாக வந்தது.

அண்ணி கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தார். "ஒரு கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. உங்க அறிக்கையிலயும் பத்துதானா?"

"எழுபதாம். இப்பத்தான் எனக்கே தெரியும். 'திருடத் தெரிஞ்சவளுக்கு ஒழுங்கா எழுதத் தெரியலை'ன்னு அதுக்கும் கேலி பண்றாங்க."

"சரி. நாங்க வர்றோம்," என்றார் அண்ணி. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பழரச சிரப் பாட்டில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சங்கத்து அலுவலகத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. வெளிக்கூடத்தில் எட்டு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா உள்ளே நுழைந்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். இழுப்பறைகளில் புதுப் பூட்டுகள் தொங்கின. தலைவரோ தன் அறையின் குப்பைக்கூடையை மேசை மேல் தூக்கி வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. சிரித்தவன்கூட என்னவோ மறைப்பது போலத்தான் இருந்தது.

அவன் நேராகத் தன் சாதிசனத்தைத் தேடுவது போல் நகல் எடுக்கும் இயந்திரத்திடம் போனான். ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அண்ணி! பதிவேட்டுக்கும் மெஷின் கணக்குக்கும் ரெண்டு பக்கம் இடிக்குது. அந்த இன்ஸ்பெக்டர் ரெண்டு நகலைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனாராம். ஆளை அமுக்கிரலாமா?"

"ஆளை விடு. என்ன நகல்னு கேட்டியா?"

கேட்டான். பேத்தியின் பள்ளிக்கூட விண்ணப்பம். சங்கத்துக் காகிதத்தில் நகல் எடுத்தது தெரிந்தால் மானம் போய்விடும் என்று பெரியவர் ஒளித்திருக்கிறார். ஜெராக்ஸின் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு அண்ணி குழுவினர் மூவரையும் தனித்தனியே பார்த்தார். கடிதத்தைப் பற்றி இரண்டொரு கேள்விதான் கேட்டார். எழுந்திருக்கும்போது மட்டும், ஏதோ நினைவு வந்தவர் போல சிரப் பாட்டிலை எடுத்து நீட்டினார். "வீட்டுப் பிள்ளைங்களுக்கு வாங்கினேன். இதுல சர்க்கரை எவ்வளவு இருக்கும்?"

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிளைப் படித்தார். "நூத்துக்கு அறுபது. வெளியில போட்டிருக்கான். சட்டப்படி குத்தமில்லை."

இன்ஸ்பெக்டர் மூடியைத் திருகிப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். "அறுபது. பாட்டில்ல இருக்கிறதுதாங்க கணக்கு. வாங்கினவன் தண்ணி கலக்குறானா, அப்படியே நக்குறானா, அது நம்ம பாடு இல்லை."

டாக்டரம்மா பாட்டிலை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தண்ணி விடுவீங்க?" என்றார்.

"ஒரு பங்குக்கு நாலு பங்கு."

"அப்ப பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம் தண்ணி சேர்த்தே குடுங்க, பல்லு பிழைக்கும்."

வெளியே வந்ததும் ஜெராக்ஸ் பொறுமை இழந்தான். "நாலு மணி ஆகப் போகுது. அந்த அம்மா தலை உருளப் போகுது. நீங்க சிரப் விலை பேசிக்கிட்டு இருக்கீங்களே அண்ணி!"

"அந்தக் கூட்ட அறை மேசையில ஒரு பால் மாவு டின் இருக்கு பார். எப்படிக் கலக்கணும்னு போட்டிருக்கான், படி."

"ஒரு பங்கு மாவுக்கு ஆறு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர். இதுல என்ன இருக்கு?"

"இருக்கு தம்பி. வா," என்றார் அண்ணி.

நாலு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. குழு ஒரு பக்கம், டைப்பிஸ்ட் அம்மா எதிர்ப் பக்கம். அண்ணி டின்னைத் தன் முன் இழுத்து வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"பீரோவைத் திறந்து திருடினவங்க என்ன பார்த்திருப்பாங்க? எழுபதைப் பார்த்திருப்பாங்க. எழுபதைத்தான் சொல்லியிருப்பாங்க. கடிதத்துல இருக்கிறது பத்து. அதை நீங்க எழுத்துப் பிழைன்னு நினைச்சுட்டீங்க. அது பிழையே இல்லை. ஒரு பங்கு மாவு, ஆறு பங்கு தண்ணி. சேர்த்தா ஏழு பங்கு. மாவுல எழுபது இருந்தா, கலக்கின பால்ல பத்து."

வக்கீல் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டரின் உதடுகள் கணக்குப் போட்டன.

"அதனால, இது காகிதத்தைப் பார்த்து எழுதினது இல்லை. மனசுல இருந்து வந்தது. குழந்தை வாய்க்குள்ள என்ன போகுதுன்னே யோசிச்சுப் பழகின ஒருத்தர் சொன்னது. கொஞ்சம் முன்னாடி ஒரு பாட்டிலைக் காட்டினேன். ரெண்டு பேர் பாட்டில்ல இருக்கிறதைச் சொன்னீங்க. ஒருத்தர் டம்ளர்ல இருக்கிறதைச் சொன்னீங்க."

"ஒரு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களை ஏமாத்த யாராவது வேணும்னே மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். ஆனா கண்டபடி மாத்தினா எட்டு வரும், இருபத்தஞ்சு வரும். சரியா ஏழுல ஒரு பங்கு எப்படி வரும்? இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன். சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்."

ஜெராக்ஸ் டாக்டரம்மாவைப் பார்க்க விரும்பவில்லை. பல்லு பிழைக்கும் என்று சொன்ன அந்தக் குரல் அவனுக்குப் பிடித்திருந்தது.

"எங்க மாப்பிள்ளை," என்று தொடங்கினார் டாக்டரம்மா. "அந்தக் கம்பெனியில தரம் பார்க்கிற வேலை. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டார். 'அத்தை, ஒரு அளவு சொன்னீங்கன்னா இப்பவே மாவைச் சரி பண்ண ஆரம்பிச்சிருவோம்'னார். குழந்தைக்குப் பத்துக்கு மேல போகவே கூடாதுன்னு சொல்லிட்டேன். நல்லதுக்குத்தானேன்னு நினைச்சேன். மாவைச் சரி பண்ணாம, கம்பெனி வக்கீலைப் பிடிச்சு இந்தக் கடிதத்தை அனுப்பிட்டாங்க. கடிதத்துல பத்துன்னு பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"மூணு நாளாத் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?" என்றார் வக்கீல்.

"சொன்னா மாப்பிள்ளை வேலை போகும். என் பொண்ணு வாழ்க்கை..." அவர் டைப்பிஸ்ட் அம்மாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு வேற இடத்துல நானே வேலை வாங்கிக் குடுத்துடலாம்னு நினைச்சேம்மா."

அண்ணி டின்னை மேசை நடுவுக்குத் தள்ளி வைத்தார்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். சங்கத்தின் பெயர் பெரிது என்றார். டைப்பிஸ்ட் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். நாளையிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வரலாம், டாக்டரம்மா உடம்பு சரியில்லை என்று விலகிக்கொள்வார், விஷயம் இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். ஜெராக்ஸ் வாயைத் திறந்தான்; அண்ணி அவன் முழங்கையைத் தொட்டார்.

"ஐயா," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. இப்போது முழு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். "என்னைத் திருடின்னு சொன்னப்ப இந்தக் கதவைச் சாத்திக்கிட்டா சொன்னீங்க? வெளியில எட்டுப் பேருக்கும் கேட்டுச்சு. அவங்க வீட்டுக்கெல்லாம் போச்சு. என் வீட்டுக்கும் வந்துச்சு. இப்ப மட்டும் எதுக்கு நாலு சுவரு?"

வக்கீல் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

டாக்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து வெளிக்கூடத்துக்குப் போனார். தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க," என்றார். "அந்த எண்ணை வெளியில சொன்னது நான். அவங்க இல்லை. உங்க வீட்டுலயும் போய்ச் சொல்லிடுங்க."