எர்முபோலிக்குப் போகும் முன்

மே மாதத்துக்குப் பிறகு கிரேக்கத் துறைமுக நகரான பிரேயஸில் ஒரு தூறல்கூட விழவில்லை. அப்படியிருக்க, மதியம் இரண்டரை மணிக்கு, மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஈர மண் வாசனை வந்தது. எவாந்தியா முதலில் பால்கனிப் பூந்தொட்டியைச் சந்தேகப்பட்டாள். விரலை விட்டுப் பார்த்தாள். மண் பொடியாக உதிர்ந்தது. குளியலறை, சமையலறை, துணி அலமாரி என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் மூக்கும் காலை வாருகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

மேசையில் பயணப் பட்டியல் கிடந்தது. வெள்ளிக்கிழமைக் கப்பல். சிவப்பு ஒயின் இரண்டு புட்டி. புது வெள்ளைத் துணி. சர்க்கரை சேர்த்து அவித்த கோதுமை. தம்பி யகூமிஸைப் புதைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. வழக்கப்படி சனிக்கிழமை காலை, பிறந்த தீவின் எர்முபோலியில் குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவி, சின்னப் பெட்டியில் வைக்க வேண்டும். எலும்பு சுத்தமாக, மஞ்சளாக வந்தால் போனவன் நிம்மதியாக இருக்கிறான் என்று அர்த்தம். சதை கரையாமல் வந்தால் எல்லோரும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு திரும்பவும் மண்ணைத் தள்ளுவார்கள், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

தொலைபேசி அடித்தது. தம்பி மனைவி ஆர்கிரோ, தீவிலிருந்து.

"அக்கா, எந்தக் கப்பல்ல வர்றீங்க?"

"காலைல ஏழரைக்குக் கிளம்புற பெரிய கப்பல். அந்த வேகக் கப்பல்ல ஏறினா குடலே வாய்க்கு வந்துரும்."

"துறைமுகத்துல பொறந்துட்டு இப்படியும் ஒருத்தி! இறங்கினதும் நேரா வீட்டுக்கு வாங்க. மிட்டாய்க் கடையில நின்னு அரட்டை அடிச்சீங்கன்னா நான் சமைச்ச ஆட்டுக்கறி ஆறிப்போகும்."

எவாந்தியா சிரித்தாள். எதிர்முனையில் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அவர் மேல உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கல் இருக்கா? இருந்தா குழியைத் திறக்கறதுக்கு முன்ன வாயால சொல்லி இறக்கிடுங்க. சாபம் பட்ட உடம்பு கரையாதுன்னு சொல்றாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? ஒண்ணும் கிடையாது."

வாய் கூசாமல் பொய் சொன்னாள். அம்மா இறந்தபோது இரண்டு நாள் புயல், கப்பல் ஓடவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் பொறு என்று யகூமிஸிடம் கெஞ்சினாள். அவன் பொறுக்கவில்லை, அம்மாவைப் புதைத்துவிட்டான். அன்று தொலைபேசியில் அவள் கத்தியதை அவனைத் தவிர யாரும் கேட்கவில்லை. "பெத்தவ முகத்தை எனக்குக் காட்டாம பண்ணிட்டியே! உன்னை மண்ணு ஏத்துக்காதுடா! முழுசாவே கிடப்பே!" நாற்பதாவது நாள் அவன் படகுத்துறையில் வழுக்கி விழுந்து செத்தான்.

சாபத்தைப் போட்டவளே எடுத்தால்தான் அது போகும். சனிக்கிழமை மண்வெட்டி விழும் முன் குழியோரம் குனிந்து, மன்னித்தேன் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அவள் திட்டம். அதற்காகவே இந்தப் பயணம். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள். அந்த ஒரு சொல் மட்டும் மீன் முள் போலத் தொண்டையில் நிற்கிறது.

வாசனை இப்போது கூடியிருந்தது. வெறும் ஈர மண் இல்லை. நாள்பட்ட மரம், நனைந்த கம்பளித் துணி, அணைந்த மெழுகுவர்த்தியின் புகை எல்லாம் கலந்து, ஜன்னலில் பாதி இறக்கியிருந்த மரத் தட்டிகளின் இடுக்கு வழியே வரிவரியாக விழுந்த வெயிலில்கூடக் கலையாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து அவள் கணுக்காலைக் குளிரவைத்தது. கட்டிடம் முழுவதும் மதியத் தூக்கத்தில் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

மறுபடியும் தொலைபேசி.

"அம்மா, கல்லறைத் தோட்டத்து மார்கோஸ் பேசறேன். சனிக்கிழமை மூணு குழி இருக்கு. அதான் உங்க தம்பியோட மேல்மண்ணை இன்னிக்கே தளர்த்தி வைப்போம்னு தோண்டினேன்..." அவன் மூச்சு வாங்கினான். "நீங்க யாராவது முன்னாடியே வந்து எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"எதை?"

"சவப்பெட்டி காலியா இருக்கும்மா."

"எலும்பெல்லாம் கரைஞ்சுபோச்சா?" அவள் குரலில் ஆசை இருந்தது.

"எலும்பு எங்கேம்மா கரையும்? மூடி உடைஞ்சிருக்கு. உள்ளேயிருந்து தள்ளின மாதிரி."

அவள் போனை வைத்தாள். வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது, சங்கிலியும் மாட்டியிருந்தது.

படுக்கையறையில் ஏதோ நகர்ந்தது.

ஒரு காலடி. ஈரமாக.

இன்னொன்று.

கூடத்து வாசலில் வந்து நின்றான். யகூமிஸ். முழுசாக. சவப்பெட்டியில் கிடத்தியபோது சீவிவிட்ட தலை கலையவில்லை. கன்னம் வற்றவில்லை. வெயில் வரிகள் அவன்மேல் விழுந்தன.

அவன் காத்திருந்தான்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். பயம் தொண்டை முள்ளைப் பிடுங்கிப் போட்டது.

"மன்னிச்சுட்டேன்டா. மன்னிச்சுட்டேன். போயிடுப்பா."

அவன் இடது கை விரல்கள் உதிர்ந்தன. பிறகு மணிக்கட்டு. முழங்கை. தோள். இடது கன்னமும் இடது காலும் ஈர மண்ணாக வழிந்து தரையில் விழுந்தன. அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். கரைகிறான், என் தம்பி கரைகிறான், இனி நிம்மதியாகக் கிடப்பான்.

அப்போது அம்மாவின் நினைவு வந்தது. கடைசியாக அந்த முகம் எப்படி இருந்திருக்கும்? வாய் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அவளுக்குத் தெரியாது. இனி எப்போதும் தெரியப்போவதில்லை. ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால்.

மண் உதிர்வது நின்றது.

"மன்னிச்சுட்டேன்," என்றாள்.

ஒரு துகள்கூட விழவில்லை.

"மன்னிச்சுட்டேன்!"

பாதி ஆள். மூக்கிலிருந்து நேர்கோடாக அறுத்ததுபோல் பாதி முகம். மீதமிருந்த ஒற்றைக் காலை இழுத்து, சுவரைப் பிடித்து, அவன் ஓர் அடி முன்னே வந்தான். இன்னோர் அடி. அவள் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று, அந்த ஒற்றைக் கண்ணால், இமைக்காமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.