பன்னிரண்டுக்கு முந்திய கால்மணி

போர்ட் பிளேரில் மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் இருந்த அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் சிசிலியா கேட்டது தண்ணீரோ காப்பியோ அல்ல, சோப்பு.

வடக்கே மாயாபந்தரிலிருந்து போட்டில் வந்த அலுப்பு முதலில் தீரட்டும் என்று அண்ணன் பெண்டாட்டி, மைனி அன்னம்மாள் சொல்லிப் பார்த்தாள். சிசிலியா கேட்டால்தானே! நாலு வயது மகள் ரீத்தாவைப் பாயில் கிடத்திவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். தேங்காய்நாரால் இரண்டு கையையும் தேய்த்தாள். தோல் சிவந்து நகக்கண்ணில் ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்துத் தூவென்று துப்பினாள்.

போகவில்லை. நாலு மாதமாகப் போகவில்லை.

நாற்றமென்றால் என்ன நாற்றம்? மீன்கவிச்சிக்கெல்லாம் மூக்கைப் பொத்துகிறவளா அவள்? அவள் புருஷன் மத்தியாஸ் சங்கு குளிக்கிறவன். கடலடியிலிருந்து அவன் அள்ளிவரும் சங்கையும் சிப்பியையும் மணலில் குழி வெட்டிப் புதைத்து, உள்ளே இருக்கும் சதை அழுகிக் கரையும்வரை பன்னிரண்டு நாள் விட்டுவிடுவார்கள். பிறகு தோண்டி, புழு நெளிய நெளிய அலசி எடுப்பது சிசிலியாவின் வேலை. அந்த வாடையிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவள். அவளுக்கே குமட்டுகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி வெட்டிய இடத்தில்தான் வந்தது வினை. ஓடைக்கரையில் ஓரிடத்தில் மட்டும் மண் பொலபொலவென்று கிடந்தது. வெட்டச் சுலபம் என்று மத்தியாஸ் அங்கேயே வெட்டினான். வேரும் கல்லுமான அந்தக் கரையில் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் மண் ஏன் இளகிக் கிடக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சிசிலியா குழிக்குள் கைவிட்டபோது ஒரு இரும்பு வளையம் அகப்பட்டது. இழுத்தாள், வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். மளுக்கென்று ஏதோ முறிந்து வளையம் கையோடு வந்தது. எண் வெட்டிய மரத்துண்டு ஒன்று அதில் தொங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளின் கழுத்தில் மாட்டிய வளையம் அது.

முறிந்தது கழுத்தெலும்பு. அதன்மேல் அழுகிய சங்குச்சதை கூழாக வழிந்துகொண்டிருந்தது.

அவள் அலறவில்லை. அருவருப்பில் வாந்திதான் எடுத்தாள், அந்த எலும்பின் மேலேயே. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, வளையத்தைப் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடினாள். லாஞ்சுப் படகில் வந்த அதிகாரி ஒருவர் அந்த வளையத்தைப் போர்ட் பிளேரில் புதிதாகத் திறந்த பழம்பொருள் மியூசியத்துக்கென்று வாங்கிப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது கையில் நாற்றம். வெறும் நாற்றத்தோடு போயிருந்தால் சகித்துக்கொண்டிருப்பாள். ரீத்தாவுக்குப் போட்ட சோறு தட்டில் விழுந்த நொடியே கொழகொழவென்று நூல்விட்டது. யாரோ மென்று துப்பியது போல இருக்கும். பிள்ளை ஒரு வாய் வைக்கும், ஓங்கரிக்கும். யார் போட்டாலும் இதே கதை. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்துக் கைகழுவிவிட்டார். பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. இன்னும் பத்து நாள் தாங்குமா என்பது சந்தேகம்.

"அவஞ் சாமான நான் எடுத்தேன், எம்பிள்ள சோத்த அவன் எடுக்கான். சாமானத் திருப்பிக் குடுத்துட்டா விட்டுருவாம்லா?" என்றாள் சிசிலியா.

அண்ணன் அந்தோணிமுத்து தச்சன். அந்த மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டிகளெல்லாம் அவன் செய்தவை.

"கேட்டாத் தர மாட்டானுவ, சர்க்கார் சொத்தும்பானுவ. ஒங் காயிதத்தப் பாத்ததும் நேத்தே அந்தப் பெட்டியோட பின்பலகையில ஆணியக் கழட்டிட்டேன். ஒதுக்குனா நகரும். நேரம் பாத்துப் போறதுலதான் இருக்கு எல்லாம்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகைத் துண்டில் எழுத ஆரம்பித்தான். "இன்னைக்குப் புதன், மியூசியத்துக்கு லீவு. நாளைக்குத்தான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வரும். பதினொண்ணுக்குப் பெரிய சாப், அதாம் ஆபீசரு, சுத்திப் பாக்க வருவாரு. பதினொண்ணே முக்காலுக்கு வாட்ச்மேன் பின்னால போயி ஸ்டவ்வப் பத்தவச்சு ரொட்டி சுடுவான். பன்னெண்டுக்குப் பூட்டுவான். பெறவு ரெண்டு மணிக்குத்தான் தெறப்பு, அப்ப நீ படகுத்தொறையில நிக்கணும். ஆக, உனக்குக் கால்மணி நேரந்தான் கேட்டியா."

"மாட்டிக்கிட்டா ஒங்க வேல போயிருமே, அண்ணே."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? பிள்ள பொழைக்கட்டும்."

மைனிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ! அவம் பேருக்கு ஒரு பூசை வச்சு, நாலு ஏழைக்கு ஒரு பிடி சோறு போட்டாத்தான் என்ன?"

"சோறா? அதுக்கா?" சிசிலியா கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். "சீ! நெனைக்கவே வயித்தப் புரட்டுது மைனி. வளையத்த அது மேல வீசிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவேன்."

மறுநாள் எல்லாம் சொல்லிவைத்தது போல நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். பெரிய சாப் ஜீப் ஏறினார். பதினொன்றே முக்காலுக்கு சிசிலியா படியேறினாள்.

"பாரா பஜே பந்த்!" என்றான் வாட்ச்மேன். பன்னிரண்டுக்குச் சாத்திவிடுவானாம். தலையாட்டினாள். அவன் பின்கட்டுக்குப் போனான். ஸ்டவ் இரைகிற சத்தம் கேட்டது.

உள்ளே பாச்சை உருண்டை வாடை, பழைய துணி வாடை, ஈரச் சுண்ணாம்பு வாடை. முதல் அறை தாண்டி, இரண்டாவது அறை தாண்டி, மூன்றாவது அறைக்கு வந்தபோது அந்த வாடைகளெல்லாம் நின்றுபோயின.

குழியின் நாற்றம் மட்டும் இருந்தது.

இந்த முறை அது அவள் கையிலிருந்து வரவில்லை.

பெட்டிக்குப் பின்னால் குனிந்து பலகையைத் தள்ளினாள். அசையவில்லை. கடல் ஈரத்தில் பலகை ஊதியிருந்தது, இதை அண்ணன் யோசிக்கவில்லை பாருங்கள். தள்ளினாள், நகத்தால் நெம்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நிமிஷங்கள் ஓடின. கடைசியில் பலகை கிரீச்சென்று விலகியது. கையை விட்டு வளையத்தைப் பற்றினாள்.

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

பலகைத் துண்டில் எல்லாவற்றையும் குறித்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். கடற்கரைக் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளுக்கு நடுப்பகல் மணி கேட்டால் வேலை நின்றுவிடும், வாய் தானாகத் திறந்துவிடும். ஒருவர் ஒரு வரி சொல்ல, அடுத்தவர் பதில் சொல்லும் மூவேளைச் செபம். வீட்டில் மத்தியாஸ் பதில் சொல்வான். குழிக்கரையில் தனியாக இருக்கும் நாளில் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். திருட வந்த இடத்தில் செபம் சொல்லும் பைத்தியம் உண்டா என்பீர்கள். சிறுவயதுப் பழக்கம் திருட்டையா பார்க்கும்? முதல் வரியைச் சொல்லிவிட்டாள்.

பதில் வந்தது.

ஆண்குரல். அவளுடைய ஊர்ப்பக்கத்துத் தமிழ். வாய் நிறைய சேற்றை வைத்துக்கொண்டு சொல்வது போல இருந்தது.

செபத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது. இரண்டாவது வரியைச் சொன்னாள்.

அதற்கும் பதில் வந்தது, காதுக்குப் பக்கத்தில். ஈரமான மூச்சு பிடரியில் பட்டது. தோளில் ஏதோ சொத்தென்று விழுந்து நெளிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரி அவள் வாயில் வரவில்லை.

"தாயே," என்றது குரல். "கரையில தெனமும் நீ சொல்லுவ. கேட்டுக்கிட்டே கெடப்பேன். பசிக்குது தாயே."

வளையத்தை வெடுக்கென்று உருவினாள்.

"அது வேண்டாம். எனக்கு அத மாட்டாத. ஒரு பிடி சோறு."

அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் வளையத்தைப் பைக்குள் திணித்து ஓடினாள். வாசலில் பூட்டோடு நின்ற வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினான். "க்யா பத்பூ ஹே!" என்ன நாற்றமாம்.

வீடு திரும்பியபோது அன்னம்மாள் வாசலுக்கே ஓடிவந்தாள். "ஏட்டி சிசிலி! பிள்ள சாப்புட்டா! சரியாப் பன்னெண்டு மணி அடிக்கையில எந்திரிச்சு உக்காந்து சோறு கேட்டா. மூணு தட்டு! ஒரு பருக்க மிச்சமில்ல!"

சிசிலியா கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள். தன் கழுத்தைச் சுற்றிய பிள்ளையின் கை ஏன் இத்தனை குளிர்ந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மாயாபந்தர் திரும்பியதும் முதல் வேலையாக ஓடைக்கரைக்குப் போனாள். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முறிந்த கழுத்தெலும்பிருந்த இடத்தைத் தோண்டி, அங்கேயே வளையத்தை வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தாள். தொலைந்தது சனியன் என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் ரீத்தாவைக் காணவில்லை.

வீடு வீடாகத் தேடி, கடைசியில் ஓடைக்கரைக்கு ஓடினாள். மத்தியாஸ் போன வாரம் புதிதாக வெட்டிய சங்குக்குழி திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. தோள் அசைந்துகொண்டிருந்தது.

சப்புக்கொட்டும் சத்தம்.

"ரீத்தா?"

பிள்ளை திரும்பியது. இரண்டு கையிலும் அழுகிய சங்குச்சதை. முகவாயில் பச்சைக்கூழ் வழிந்தது. உதட்டோரம் நெளிந்த புழுவை நாக்கால் இழுத்து விழுங்கியது. கழுத்தைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வளையத்தின் தடம் பதிந்திருந்தது.

ஓடிப்போய் அள்ள வேண்டும் என்றுதான் நினைத்தாள். பெற்ற தாய்தான், ஆனாலும் கால் ஒரு அடி பின்னால் போயிற்று.

ஓலைக்கோயிலில் மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைக் கோயில் பணியாள் தட்டத் தொடங்கினார். பன்னிரண்டு.

சிசிலியாவின் வாய் திறக்கவில்லை.

பிள்ளை புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறைய சேறு அடைத்த குரலில் சொன்னது.

"சொல்லு தாயே. நான் பதில் சொல்லுதேன்."